திருப்பிக் கொடுக்கும் கவுண்டர்

தென்காசிப் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற எல்லோருக்கும் உலகம்மையைத் தெரியும். ஆனால் ஒருவரும் பார்த்ததில்லை. "கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி வழியாக இராஜபாளையம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று ஒலிபெருக்கியில் வருகிற குரல் அவளுடையது. நடுவில் கொஞ்ச காலம் இயந்திரக் குரலை வைத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் அதைக் கேட்டுவிட்டு, நேரே கண்டக்டரிடம் போய் "இது எங்க போகுது?" என்று மறுபடியும் கேட்டார்கள். ஆகையால் உலகம்மையே தங்கிவிட்டாள். சன்னமான குரல். கேட்டவர்கள் எல்லோரும் மனதுக்குள் ஒல்லியான ஒரு பெண்ணை உட்கார வைத்துக்கொண்டார்கள். அதைக் கெடுப்பானேன் என்று நிலையத்தாரும் ஒலிவாங்கியை அவளுடைய வீட்டுப் பின்னறைக்கே கொண்டுவந்து மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

உலகம்மை குண்டு. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. ஆட்டோவில் ஏறினால் ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார். ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிற பெண் வாயைத் திறப்பதற்கு முன்னால் கண்ணால் அளப்பாள். அப்போதெல்லாம் உலகம்மை ஒரே வார்த்தை சொல்லுவாள்.

"இது என்னுது இல்ல."

உடனே அவர்கள் முகம் மாறிவிடும். "ஓ, தாங்கியா? மன்னிச்சுக்கிடுங்க" என்பார்கள்.

ஆமாம், அவள் அந்த வீட்டுத் தாங்கி. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு தாங்கி இருந்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிறைமேடை இருக்கும். ஏறி நின்றால் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். பச்சை என்றால் கட்டுப்பாடான ஆள், நம்பலாம். சிவப்பு என்றால் வாயைக் கட்டத் தெரியாதவன், இவனிடம் எதைக் கொடுத்தாலும் தின்றுவிடுவான். பதவி உயர்வுக்குப் பச்சை வேண்டும். வாடகைக்கு வீடு பிடிக்கப் பச்சை வேண்டும். கோயில் அறங்காவலர் ஆகவும் பச்சை வேண்டும். பிள்ளையாருக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார்கள்.

எல்லோருக்கும் எப்படிப் பச்சை எரியும்? அதற்குத்தான் கைமாற்று நிலையம். ஒருவர் உடம்பிலுள்ள கொழுப்பை எடுத்து, இரத்த உறவுள்ள இன்னொருவர் உடம்பில் வைப்பார்கள். அண்ணன் சங்கரபாண்டி மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆக வேண்டியிருந்தபோது அவருடைய தொப்பை உலகம்மைக்கு வந்தது. அண்ணன் மகள் நித்திலா கல்லூரியில் சேர வேண்டியிருந்தபோது அவளுடையதும் வந்தது. அண்ணி பகவதி வேறு இரத்தம். அவளுடையது அம்பாசமுத்திரத்தில் அவள் அக்காவிடம் இருந்தது. நல்ல நாள் பெரிய நாளுக்கு அக்காவுக்கு ஒரு சேலை போகும்.

இப்போது உலகம்மைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி வேண்டாம், வாசல்படி போதும். போன வருடம் காதுவலிக்கு டாக்டரிடம் போனாள். எடையைக் குறைக்கச் சொன்னார். கையில் கொப்புளத்துக்குப் போனாள். எடையைக் குறைக்கச் சொன்னார். இந்த முறை வேறு டாக்டர், சின்னப் பையன். நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தான். இடம் மாற்றி இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான்.

"வால்வு சுருங்கியிருக்கும்மா. மாத்தணும். தள்ளிப் போட்டா ஆபத்து."

"மாத்திருங்க."

"இப்ப முடியாது. எடையைக் குறைச்சிட்டு வாங்க."

"இது என்னுது இல்ல டாக்டர்."

அவன் திரையில் அவளுடைய அட்டையைப் பார்த்தான். பிறகு எழுந்து அவளுக்கு மெத்தை வைத்த நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"தாங்கின்னு முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. சொந்த எடைன்னு நினைச்சிட்டேன். அப்படி இருந்தா கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு அனுப்பணும். அதுல பாஸானாத்தான் ஆபரேஷன்."

"அதுல பாஸாகி யாராவது ஆபரேஷனுக்கு வந்திருக்காங்களா?"

"இன்னும் வரல" என்றான் அவன், கள்ளமில்லாமல். "ஒங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். நிலையத்துல போய் உரியவங்ககிட்ட திருப்பிக் குடுத்துட்டு வாங்க. மறுவாரமே மாத்திடுறேன்."

உலகம்மைக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. "ஏன் டாக்டர், எடுக்கிற கொழுப்பைக் குப்பையில போட்டா என்ன? இன்னொரு ஆளு எதுக்கு?"

"போட்டா, எடுத்த உடம்பு சும்மா இருக்காதும்மா. 'என் பொருளு காணாமப் போச்சே'ன்னு மறுபடி சேத்துக்கும். வேற உடம்புல உயிரோட இருந்தா, 'வீட்டுலதான் எங்கயோ இருக்கு'ன்னு நினைச்சுட்டுப் பேசாம இருக்கும். அவ்வளவுதான் அறிவியல்."

அவ்வளவுதானா என்று உலகம்மைக்கு இருந்தது. அவள் ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். சங்கரபாண்டி ஈசிசேரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பமேவா?"

"இப்பம்தான்ங்காரு டாக்டர்."

"ஒனக்கு நேரம் காலம் தெரியாதா உலகு? நாகர்கோவில்லேர்ந்து நித்திலாவுக்கு நிறை பாக்க வாராங்க. இப்பம் போயி நீ இறக்கி வச்சா எனக்கும் அவளுக்கும்லா ஏறிரும்? மேடையில செவப்பு எரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாங்க. ஒங்கைல காப்பி வாங்கிக் குடிப்பாங்கன்னா நெனைக்க?"

"எங்கைல எதுக்குக் குடிக்கப் போறாக? அன்னைக்கு நான் வீட்டுல இருக்கப் போறதே இல்லைல்லா."

சமையலறைக்குள்ளிருந்து பகவதி, முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னாள்.

"உலகுக்கு மூச்சு நின்னு போச்சுன்னா அப்பமும் ஒங்களுக்கு ஏறத்தான செய்யும்? அதையும் சேத்து யோசிச்சுக்கிடுங்க."

சங்கரபாண்டி யோசித்தார். தலைமையாசிரியர் அல்லவா, இரண்டு பக்கமும் யோசிப்பார். "கல்யாணம் முடியிற வரைக்கும் பத்திரமா இருந்துக்கோ தாயி" என்றார். "படி கிடி ஏறாத."

நிறை பார்க்கும் நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் காப்பிக்கு முன்னால் கூடத்தில் நிறைமேடையை வைத்து, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கத்தாரும் ஒவ்வொருவராக ஏறி இறங்குவார்கள். பச்சை எரிய எரியப் பெண்கள் குலவை இடுவார்கள். "எங்க வீட்டுல தாங்கியெல்லாம் கிடையாது, எல்லாம் கட்டுப்பாடுதான்" என்று இவர்கள் சொல்லுவார்கள். அவர்களும் அதையே சொல்லுவார்கள். இரண்டு பக்கமும் நம்பியதாகத் தலையை ஆட்டிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் தாங்கி எங்கே போவது? இதற்கென்றே சொர்ணம் தியேட்டர் இருந்தது. நடுவில் கைப்பிடி இல்லாத அகல இருக்கைகள். மற்ற நாட்களில் ஈ ஓட்டுகிற காலைக்காட்சி, முகூர்த்த நாளில் நிரம்பிவிடும். கார்கள் வரிசையாக வந்து ஒவ்வொருவரை இறக்கிவிட்டுப் போகும். என்ன படம் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு விடும் என்று மட்டும் கேட்பார்கள்.

உலகம்மை ஓரமாக உட்கார்ந்தாள். படம் தொடங்கிப் பாதி டூயட்டில் ஒரு பெரிய உருவம் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, கையில் பொட்டலம்.

"யம்மா, இதுல ஆளு உண்டா?"

"இல்ல, இருங்க அண்ணாச்சி."

அவர் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். நேந்திரங்காய் வற்றல். நீட்டினார், அவளும் எடுத்துக்கொண்டாள். தாங்கிகள் சந்தித்தால் கேட்கிற மரியாதைக் கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டாள்.

"யாரு யாருக்குத் தாங்குதீங்க?"

"எனக்கு."

"இல்ல, யாருக்கு..."

"எனக்குத்தான்மா. இது அம்புட்டும் என்னுது. எங்க அப்பா இப்படி, அவருக்க அப்பா இப்படி. ஒரே அச்சு."

உலகம்மை தன்னை அறியாமல் அரை அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நகராண்டாம்" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே. "தொத்தாது."

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. வற்றலைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவர் பெயர் பூதலிங்கம் என்றும் வாழைக்காய் வியாபாரம் என்றும் அவரே சொன்னார்.

"வீட்டுல என்னைத் தாங்கின்னுதான் சொல்லி வச்சிருக்கு. சொந்தக் கனம்னா வம்சமே மோசம்னு சம்பந்தம் வராது பாத்துக்கிடுங்க. அக்கா மகனுக்கு இன்னைக்கு இங்க பொண்ணு பாக்கு. நான் தாய்மாமன். சீர்த்தட்டு வாங்கினது நான், காரை ஓட்டிட்டு வந்தது நான். ஊருக்குள்ள நுழைஞ்சதும் 'மாமா, நீரு ஒரு சினிமா பாரும்'னுட்டான்."

"எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

"யாரோ ஹெட்மாஸ்டராம். ரொம்பக் கட்டுப்பாடான மனுசனாம்."

உலகம்மை கையிலிருந்த வற்றலைப் பொட்டலத்திலேயே வைத்தாள். "அது எங்க அண்ணன்."

பூதலிங்கம் இப்போதுதான் முதல் தடவையாகத் திரையை விட்டுத் திரும்பினார். "அப்பம் நீங்க?"

"பொண்ணுக்கு அத்தை. என்னையும் சினிமா பாக்கத்தான் அனுப்பியிருக்காக."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருக்கை முழுவதும் குலுங்கியது. உலகம்மையும் சிரித்தாள். சிரித்தவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார்.

"வால்வா?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். நெஞ்சின் நடுவில் நேர்கோடாக ஒரு தழும்பு.

"எடையைக் குறைக்காமலா அண்ணாச்சி?"

"எங்க ஊர்ல ஒரு டாக்டரம்மா உண்டு. அவ ரூம்ல தராசே கிடையாது. 'இந்த மேசை இவரத் தாங்குமா?'ன்னு நர்சுகிட்ட கேட்டா. தாங்கும்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சு. ஏறிப் படும்னுட்டா."

"அது தப்பில்லையா?"

"மேசை ஒண்ணும் சொல்லல."

உலகம்மை தண்ணீர் குடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "எனக்கு அது வேண்டியிருக்காது அண்ணாச்சி. இது என்னுது இல்லைல்லா. கல்யாணம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துட்டா இங்கயே மாத்திருவாக."

"நல்ல காரியம்." அவர் கொஞ்ச நேரம் வற்றலைக் கடித்தார். "ஒண்ணு கேட்டா கோச்சுக்கிடக் கூடாது. ஒங்களுதா இருந்திருந்தா, அந்த வால்வை மாத்தாண்டாமா?"

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரும் வற்புறுத்தவில்லை. படம் முடிந்து வெளியே வரும்போது அவர் திடீரென்று நின்றார்.

"இந்தக் குரலு... சிவகிரி வழியாக இராஜபாளையம்! நீங்கதானா அது? யம்மா, நான் எத்தனை தடவ ஒங்க பேச்சைக் கேட்டு பஸ் ஏறியிருக்கேன்!"

அவளை நேரில் பார்த்த பிறகு ஒருவர் இப்படிச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. எல்லோருக்கும் பச்சை. தை மாதம் கல்யாணம். சங்கரபாண்டி லட்டை ஒரு விள்ளல் மட்டும் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியைத் தங்கையின் தட்டில் வைத்தார். அது அந்த வீட்டு வழக்கம்.

ஆவணியில் ஒருநாள் அறிவிப்பு சொல்லும்போது வாசுதேவநல்லூரோடு அவளுக்கு மூச்சு முடிந்துவிட்டது. மூச்சைத் திரட்டிக்கொண்டு "சிவகிரி" என்று சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. இன்றைக்குச் சிவகிரி போகாது போலிருக்கிறது என்று நின்றுகொண்டவர்கள் பெரிய சண்டை போட்டார்களாம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் இயந்திரத்தையே வைத்துக்கொள்வோம் என்று நிலையத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

உலகம்மை ஒலிவாங்கியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பின்னறைக்கு வெளியே அவளிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துக் கைமாற்று நிலையத்துக்குப் போனாள்.

கொடுக்கிறவர்களும் ஏற்கிறவர்களும் ஒரே கவுண்டரில் வரிசையாக நின்றார்கள். கோடியில் இன்னொரு கவுண்டர் இருந்தது. "திருப்பி அளித்தல்" என்று மேலே எழுதியிருந்தது. அதற்குள் உடைந்த நாற்காலிகளை அடுக்கி, மேலே யாரோ குடையை விரித்துக் காயப் போட்டிருந்தார்கள்.

முதல் கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள். "யாரோடத வாங்கணும்?"

"வாங்கல. திருப்பிக் குடுக்கணும்."

அவள் நிமிர்ந்தாள். உள்ளே போனாள். பின்னாலேயே நிலைய மருத்துவர் வந்தார். ஓய்வு பெறும் வயது, கையில் காப்பி டம்ளர். "திருப்பியா?" என்று அவரும் ஒருமுறை கேட்டுக்கொண்டார். சாவியைத் தேடிக் குடையை மடக்கி நாற்காலிகளை இறக்கவே ரொம்ப நேரம் ஆயிற்று.

"முதல்ல யாரோடது எங்க இருக்குன்னு பாக்கணும்மா. ஏத்தும்போது அதுக்கு ஒரு சாயம் போட்டுத்தான் ஏத்துவோம். இந்த விளக்கைக் காட்டினா நீலமாத் தெரியும். தெரியிறதை மட்டும் எடுத்தாப் போதும்."

அறையை இருட்டாக்கிவிட்டு விளக்கைப் பிடித்தார். வயிறு, இடுப்பு, தோள், கை. மறுபடியும் வயிறு. விளக்கைத் தட்டிப் பார்த்தார். தன் பேனா மை மேல் காட்டிப் பார்த்தார். மை நீலமாக மின்னியது. மறுபடி அவள் கைமேல் காட்டினார். கை கையாகவே இருந்தது.

"நீலம் இல்லையேம்மா."

"அப்படின்னா?"

அவர் அறை விளக்கைப் போட்டுவிட்டு, காப்பியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். "அடுத்தவங்க பொருளு உள்ள தங்கலைன்னு அர்த்தம். எப்பமோ செத்துக் கரைஞ்சு போயிருக்கும். இப்ப இருக்கது எல்லாம் ஒங்களுது."

"எங்க அண்ணனுது?"

"இல்ல."

"நித்திலாவுது?"

"அதும் இல்ல."

"அப்பம் அவுகளுக்கு ஏன் மறுபடி ஏறல?"

"ஏறும்னுதான் புஸ்தகத்துல இருக்கு. சிலருக்கு ஏறும். அவங்க மறுபடி இங்க வருவாங்க, மறுபடி எடுப்போம். சிலருக்கு ஏறாது. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"அப்பம் எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?"

"ஒடம்பு ஏத்துக்கிடட்டும்னு நாங்க குடுத்த மாத்திரையா இருக்கலாம். ஒங்க அம்மை வழியா இருக்கலாம். வயசா இருக்கலாம். எல்லாத்துக்கும் ஒடம்பு காரணம் எழுதி வைக்காதும்மா."

உலகம்மை சேலையைச் சரிசெய்துகொண்டாள். "இதை ஏன் யாருமே சொல்லல?"

"யாருமே கேக்கல" என்றார் அவர். "வாங்கிக்கிட வருவாங்க. குடுத்துட்டுப் போக வருவாங்க. திருப்பணும்னு நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க. தாங்கியை யாரு இந்தப் பக்கம் விடுதா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அட்டையில தாங்கின்னே இருக்கட்டும். நான் மாத்தல. வெளியில தெரிஞ்சா ஒங்களுக்குத்தான் சிரமம்."

வாசலில் வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆட்டோக்காரர் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். வழக்கமான வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. இத்தனை காலமும் கடைத்தெருவில் தன்னைப்போல ஒருத்தியைப் பார்த்தால், "பாவம், தாங்கியா இருக்கும்" என்று ஒரு பார்வையும், இல்லையென்று தெரிந்தால் வேறொரு பார்வையும் அவளிடம் இருந்தன. அந்த இரண்டாவது பார்வை எப்படிப்பட்டது என்று இப்போது தெரிந்தது. டாக்டர் பையன் நகர்த்திப் போட்ட மெத்தை நாற்காலி ஞாபகம் வந்தது. அது இனிக் கிடைக்காது. அட்டையில் தாங்கி என்று இருந்தாலும், இறக்கி வைத்துவிட்டு வா என்பான், எதை இறக்க?

பூதலிங்கத்தின் கேள்வியும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சுருங்கிய வால்வு யாருடைய கொழுப்பென்று கேட்டுக்கொண்டா சுருங்கியது?

தியேட்டர் வாசலில் அவர் எழுதிக் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, அந்த மேசை இன்னும் இருக்கா?"

"எந்த மேசைம்மா?"

"ஒங்களைத் தாங்கின மேசை."

அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வாருங்க. ஸ்டேஷனுக்கு நான் வந்து நிக்கேன்" என்றார்.

கைமாற்று நிலையத்துக்கு அவள் போய்வந்த செய்தி அதற்குள் வீட்டுக்கு எட்டியிருந்தது. ஆட்டோக்காரர்களுக்கு வேறு வேலை ஏது? சங்கரபாண்டி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிட்டார். காலையில் வெந்நீர், மதியம் மோர். விடிந்ததும் நிறைமேடையில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பகவதி "பச்சை" என்று சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பார். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. நித்திலா மட்டும் பின்னறைக்கு வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னுத குடுத்துட்டீங்களா அத்தை? நல்லது. பதினாறு வயசுல என்னையக் கேக்காமலே எடுத்தாங்க. வரட்டும். மாப்பிள்ளை வேண்டாம்னா போகட்டும்."

உலகம்மை அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துக்கொண்டாள். "வராதுட்டி. ஒண்ணும் வராது. நீ எங்கூட நாகர்கோவிலுக்கு மட்டும் வா, போதும்."

அண்ணனிடமும் சொல்லிவிடுவது என்று அன்றைக்கு மத்தியானம் சமையலறைக்குப் போனாள். சங்கரபாண்டி முறுக்கு டின்னுக்குள் கையை விட்டபடி நின்றுகொண்டிருந்தார். கையை எடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"உலகு... ஏறிரும்ல?"

பசியில் அவர் கண் உள்ளே போயிருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. "ஏறாதுண்ணே. நீ சாப்பிடு. ஒன்னுது எப்பமோ செத்துக் கரைஞ்சு போச்சாம். விளக்குப் பிடிச்சுப் பாத்துட்டாரு. எங்கிட்ட இருக்கது எல்லாம் என்னுதுதான்."

சங்கரபாண்டி முறுக்கைக் கடித்தார். மென்றார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்பம் இத்தனை வருசமும் நான் என் கட்டுப்பாட்டுலதான் இருந்திருக்கேன்!"

"அப்படியா?"

"பின்னே? ஓங்கிட்ட ஒண்ணும் இல்லைன்னா வேற என்ன?" இரண்டாவது முறுக்கை எடுத்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கூடப் பிறந்தவளுக்காகப் படுகிற உண்மையான கவலைதான் இருந்தது. "நீதான் உலகு, கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கலாம்."

வாசலில் நின்ற பகவதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உலகம்மை கையைக் காட்டி அடக்கினாள். மூச்சு இருக்கிறவர்கள் சண்டை போடலாம். அவள் தன்னிடமிருந்த மூச்சை நாகர்கோவிலுக்குப் போவதற்கு வைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஆபரேஷன் ஆயிற்று. அந்த டாக்டரம்மா உண்மையிலேயே தராசு வைத்திருக்கவில்லை. மேசையும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பூதலிங்கமும் நித்திலாவும் உட்கார்ந்து, தை மாதக் கல்யாணச் சாம்பாரில் என்ன காய் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மார்கழியில் தென்காசிப் பேருந்து நிலையத்தில் குளிரில் நின்றவர்கள், கடையநல்லூரிலிருந்து இராஜபாளையம் வரைக்கும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்த குரலைக் கேட்டு, அந்த ஒல்லிப்பெண் லீவு முடிந்து வந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்து மேடையடியில் நிறைமேடை போட்டிருந்தார்கள். மணமேடைக்குப் போகிற யாரும் அதில் ஏறித்தான் போக வேண்டும். சங்கரபாண்டி ஏறினார், பச்சை, குலவை. இறங்கிச் சம்பந்தியிடம், "எல்லாம் கட்டுப்பாடு. இப்பம் நிரூபணமே ஆயிருக்கு" என்றார். எப்படி நிரூபணம் ஆயிற்று என்று சம்பந்தி கேட்கவில்லை.

அந்த நேரத்துக்கு உலகம்மை சொர்ணம் தியேட்டரில் இருந்திருக்க வேண்டும். ஆனால் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த நித்திலா, அத்தை வந்து பொட்டு வைத்தால்தான் தாலிக்குத் தலை குனிவேன் என்று சொல்லிவிட்டாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கட்டுப்பாடான மனிதர்கள் நல்ல நேரத்தைத் தவற விடுவதில்லை.

உலகம்மை நிறைமேடையில் ஏறினாள். சிவப்பு. குலவை வரவில்லை. நாதஸ்வரக்காரர்கூட வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சிவப்புக்கு என்ன செய்வதென்று யாருக்கும் வழக்கம் தெரியவில்லை.

மணவறையிலிருந்து ஒரு குலவை கேட்டது. மணப்பெண்ணே இட்ட குலவை. கல்யாணப்பெண் குலவை இட்டு அந்த ஊர் கண்டதில்லை. நாக்கு சரியாகப் புரளவில்லை, இருந்தாலும் நீளமாக இட்டாள். உலகம்மை படிகளை நிற்காமல் ஏறிப் போய்ப் பொட்டு வைத்தாள். மூச்சு வாங்கவில்லை.

பந்திக்கு முன்னால் கொஞ்சம் உட்காரலாம் என்று முன்வரிசைக்கு வந்தாள். அது நீளமான பெஞ்சு. பட்டுச்சேலைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. கோடியில் பூதலிங்கம், அவரும் இந்தத் தடவை சினிமாவுக்குப் போகவில்லை. அவருக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் இடம்தான் இருந்தது. உலகம்மை அதில் எப்படியோ ஒடுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள் குனிந்து, அனுதாபமான குரலில் கேட்டாள்.

"நீங்கதான் பொண்ணு வீட்டுத் தாங்கியா? பாவம், எத்தனை பேருக்குத் தாங்குதீங்க?"

"தாங்கி இல்ல" என்றாள் உலகம்மை, பேருந்து நிலையம் முழுவதும் கேட்கிற அந்தக் குரலில். "இது என்னுது."

அந்த அம்மாள் அரை அங்குலம் நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவள் அரை அங்குலம் நகர்ந்தாள். அப்படியே பெஞ்சின் மறுகோடி வரைக்கும் பட்டுச்சேலைகள் சரசரவென்று ஒதுங்கின.

உலகம்மை நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, தாராளமாக உட்கார்ந்தாள். பூதலிங்கம் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.